பிடுங்காத முகூர்த்தக்கால்

ஜேடர்பாளையத்தைத் தாண்டி ராஜா வாய்க்கால் ஓரமாகவே போனால் குஞ்சம்மாளின் ஓட்டு வீடு வரும். வழி கேட்டால் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "வாசல்ல ஆத்துப்பாலை நிக்கிற ஊடுங்க" என்பார்கள். ஆற்றங்கரையில் இருக்க வேண்டிய மரம் அது. காவிரியில் கால் நனைய நின்று பனை உயரத்துக்குப் பாதியாவது போகும். குஞ்சம்மாள் வீட்டில் மட்டும் முழங்கால் உயரத்திலேயே பத்துப் பன்னிரண்டு கொம்பாகப் பிரிந்து, கூரை ஓட்டைத் தொடாமல் புதராக அடங்கி நிற்கிறது. ஒல்லியான நீள இலை. அடிப்பக்கம் வெளுத்திருக்கும். வாய்க்கால் காற்று அடித்தால் புதர் முழுக்க ஒரு கணம் வெள்ளையாகிப் பிறகு பச்சைக்குத் திரும்பும்.

அதை யாரும் செடியென்று நடவில்லை. கல்யாணத்துக்கு நட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் முகூர்த்தக்கால் நடாமல் கல்யாண வேலை தொடங்காது. பால் மரத்தில் மூன்று கவராகப் பிரிந்த கொம்பு ஒன்றை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, நவதானிய முடிச்சுக் கட்டி, வாசலின் ஈசானி மூலையில் நடுவார்கள். ஆலோ, அரசோ, பாலையோ, எதுவாக இருந்தாலும் வெட்டிய இடத்தில் பால் துளிர்க்க வேண்டும். துளிர்த்தால் வீட்டில் பால் பொங்கும், பிள்ளை குட்டி பெருகும் என்று கணக்கு. கல்யாணம் முடிந்த ஐந்தாம் நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றி, அதைப் பிடுங்கி, ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அத்தோடுதான் கல்யாணம் முடிந்தது என்று குஞ்சம்மாள் புகுந்த வீட்டில் சொல்வார்கள்.

அவள் கல்யாணத்துக்குக் கொம்பு வெட்டப் போனவன் மாப்பிள்ளை குழந்தைவேலின் தம்பி கந்தவேல். மீசை அரும்புகிற வயது. பாலைக்கொம்பு வேண்டும் என்று அனுப்பினார்கள். பாலை மரம் இருப்பது தூரத்துப் பாறைக் கரட்டு மேலே. சைக்கிளை மிதித்துப் போய், சூரை முள்ளில் புகுந்து ஏறி இறங்க வேண்டும். கந்தவேல் யோசித்தான். யோசிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆற்றங்கரையில் கைக்கெட்டும் உயரத்தில் ஆத்துப்பாலை நிற்கிறதே, அதுவும் பாலைதானே என்று ஒரு கொம்பை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு, போன சுருக்கில் திரும்பிவிட்டான். மூன்று கவரும் அளவெடுத்தாற்போல் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நட்டு முடித்து, எல்லோரும் பூப் போட்ட பிறகுதான் சடங்கு நடத்திய அருமைக்காரர் குனிந்து வெட்டுவாயைத் தடவிப் பார்த்தார்.

"ஏண்டா கந்தா, பாலெங்கடா?"

"பேரே பாலைதானுங்களே" என்றான் கந்தவேல்.

பந்தலே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா பாவாயி மட்டும் சிரிக்கவில்லை. நட்ட காலை உடனே பிடுங்குவது அதைவிடக் கெடுதல் என்று அருமைக்காரர் சொல்லிவிட்டதால் அப்படியே விட்டார்கள். கந்தவேலுக்கு அன்றைக்கே 'பால்காரர்' என்று பேர் விழுந்தது. ஒரு மாட்டுக்குத் தவிடு வைத்தறியாத மனிதர்; இப்போது நாமக்கல்லில் லாரி டயர்க் கடை வைத்திருக்கிறார், பேத்தி எடுத்துவிட்டார், இன்னும் ஊருக்குள் வந்தால் பால்காரர்தான்.

குழந்தைவேல் ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று போனால் மாதக்கணக்கில் திரும்பாத பிழைப்பு. கல்யாணமான மூன்றாம் நாள், விருந்து இலை காய்வதற்குள், ஜோத்பூர்ப் பக்கத்திலிருந்து தகவல் வந்தது. குழிக்குள்ளே துளை போடுகிற பிட்டு மாட்டிக்கொண்டதாம், குழந்தைவேல் வந்தால்தான் எடுக்க முடியுமாம். அவர் கிளம்பிவிட்டார். புதுப்பெண்ணிடம், "வாரேன் அம்மணி" என்று ஒரு வார்த்தை சொன்னார். குஞ்சம்மாள் தலையாட்டினாள். ஐந்தாம் நாள் தண்ணீர் ஊற்ற மாப்பிள்ளை இல்லை. அவன் வரட்டும், வந்ததும் பிடுங்கிக்கொள்ளலாம் என்று பாவாயி சொல்லிவிட்டாள்.

வீட்டுத் தண்ணீர் வெளியேறுவதும் ஈசானி மூலை, கால் நடுவதும் ஈசானி மூலை. சாஸ்திரம் சொன்ன இரண்டையும் ஒழுங்காகச் செய்ததால் குளிக்கிற தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் அந்தக் காலைச் சுற்றித்தான் போனது. ஆலங்கொம்பாக இருந்தால்கூட முரண்டு பிடித்திருக்கும். ஆற்றுமரத்துக்கு வேறென்ன வேண்டும்? ஒரு காலை குஞ்சம்மாள் முகம் கழுவக் குனிந்தபோது, காய்ந்த மஞ்சளுக்கு அடியிலிருந்து மூக்குத்திப் பொட்டு அளவில் சிவந்த தளிர் எட்டிப் பார்த்தது. புகுந்த வீட்டில் அவளுக்குப் பேச்சுத் துணையென்று யாருமில்லை. அந்தத் தளிரைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று இன்று வரை அவளுக்கே சொல்லத் தெரியாது.

குழந்தைவேல் ஆடியில் வந்தபோது கால் தளதளவென்று மூன்று கவரிலும் இலை விட்டிருந்தது. துளிர்த்ததைப் பிடுங்கலாமா என்று அருமைக்காரரைக் கேட்டார்கள். அவர் தலையைச் சொறிந்தார். அவர் அனுபவத்தில் அப்படி ஒரு கால் வந்ததில்லை. "உசுரு வந்துருச்சு, கை வெக்க வேண்டாம்" என்று நழுவிவிட்டார். பாவாயிக்கு மனம் ஒப்பவில்லை. பால் இல்லாத கால் வாசலில் வளர்வது கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது.

"நிக்கட்டும். ஓட்டுக்கு மேல ஒரு எல போச்சுன்னா அன்னைக்கே ஆள உட்டு வேரோட எடுத்துப்போடுவேன், பாத்துக்க" என்றாள் மருமகளிடம்.

குஞ்சம்மாள் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டாள். ஆற்றுமரம் தண்ணீர் கிடைத்தால் சும்மா இருக்குமா? ஒரே வருஷத்தில் ஆளைத் தாண்டியது. அவள் ஆனி கடைசியில் அரிவாளை எடுத்து எல்லாக் கொம்பையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினாள். வெட்டிய தழையை வெள்ளாடுகள் அடித்துப் பிடித்துத் தின்றன. வெட்ட வெட்டக் கொம்பு இரட்டிப்பானது. மரமாகப் போக வேண்டியது புதரானது அப்படித்தான். வெட்டிய குச்சியை எங்கே செருகினாலும் வேர் விட்டது. அவரைக்கொடிக்கு ஊன்றிய குச்சி அவரைக்கு முன்னால் இலை விட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர் போகிற வழி அடைத்துக்கொள்ளும். கையை விட்டால் சிவப்பு நூல்கண்டாக வேர் வரும். அவள் திட்டிக்கொண்டே அதை இழுத்துப் போடுவாள். அந்தத் திட்டு, சொந்தப் பிள்ளையைத் திட்டுகிற திட்டு.

ஐப்பசி மழை விட்டபின் புதர் இலை கொட்டும். கார்த்திகை, மார்கழியில் புதுத்தளிரோடு பூக்கும். அணில்வால் கணக்காக மஞ்சள் பூ, விரல் நீளத்துக்கு. விடிந்தால் தேனீ இரைச்சல் அடுக்களை வரை கேட்கும். அடுப்பு மூட்டும்போது அந்தச் சத்தம் கேட்டால் குஞ்சம்மாளுக்கு வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்.

பூத்தது, கொட்டியது. ஒரு வருஷமும் காய் பிடிக்கவில்லை. குஞ்சம்மாளுக்கும் வருஷங்கள் போயின, வயிறு திறக்கவில்லை.

"பூக்கறதுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. ஒரு பிஞ்சக் காணோம். ஊட்டுக்கேத்த மரம்" என்று பாவாயி வாசல் கூட்டிக்கொண்டே சொல்வாள். வந்து போகிற உறவுக்காரப் பெண்களும் புதரைப் பார்ப்பார்கள், பிறகு அவள் இடுப்பைப் பார்ப்பார்கள். அந்த மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. கந்தவேல் வெட்டி வந்தது ஆண் மரத்துக் கொம்பு. அதில் எந்த ஜன்மத்திலும் காய் பிடிக்காது. ஆண் மரத்தைக் காட்டி ஒரு பெண்ணைப் பேசினார்கள். அதை எடுத்துச் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. சொன்னாலும் பேசுகிற வாய் வேறு காரணம் கண்டுபிடித்திருக்கும். குஞ்சம்மாள் பதில் பேசியதே இல்லை. குளிக்கப் போகும்போது ஒரு சொம்பு அதிகமாக ஊற்றிக்கொள்வாள், அவ்வளவுதான். மேலுக்கு ஊற்றினால் வேருக்குப் போகும்.

ஊரெல்லாம் ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள், சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாதென்று. ரிக் காரன் பெண்டாட்டிக்கு அந்த வழக்கமெல்லாம் கட்டுப்படியாகாது. வடக்கே மழை பிடித்து வண்டிகள் ஊர் திரும்புவதே ஆடியில்தான். திருச்செங்கோட்டைச் சுற்றி ரிக் வீடுகளில் விசாரித்தால் பாதிப் பிள்ளைகளுக்குச் சித்திரை, வைகாசியில்தான் பிறந்தநாள் வரும். குழந்தைவேலும் ஆடியில் வந்து புரட்டாசியில் போய்விடுவார். தலை பூராவும் புழுதி, துணியில் கிரீஸ் வாடை, கம்ப்ரசர் சத்தத்தில் மந்தமாகிப்போன காது. அவர் வரும்போதெல்லாம் வாசல் துப்புரவாக இருக்கும், புதர் மொட்டையாக நிற்கும். "இந்தக் குத்துக்கட்டைய இன்னும் வெச்சிருக்கறயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போவார். காது கேட்காதவரிடம் எவ்வளவுதான் பேசுவது? குஞ்சம்மாள் சிரித்துக்கொண்டே தண்ணீர் காய வைப்பாள்.

எட்டொன்பது வருஷம் கழித்து ஓர் ஆடி பலித்தது. தையில் வளைகாப்பு முடித்து, மோகனூர்ப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனாள். சித்திரை வெயிலில் அபிநயா பிறந்தாள். அந்த வருஷம் மழை பொய்த்து, வாய்க்கால் அடைத்து, வீட்டுக் கிணறும் தரை தட்டிவிட்டது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு குஞ்சம்மாள் நினைத்துக்கொண்டது புதரைத்தான். மாமியார் ஒருத்தி மட்டும் இருக்கிற வீட்டில் அதற்கு ஏது தண்ணீர்? போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

ஆனியில் திரும்பி வந்தபோது புதர் நின்றது. பழைய தழைப்பு இல்லை. ஆனாலும் பச்சையாக நின்றது.

"அத்தை, இதுக்குத் தண்ணி...?" என்று கேட்டேவிட்டாள்.

"பாத்தரம் கழுவுன தண்ணிய நான் தலையிலயா ஊத்திக்கறது? புள்ளையக் குடு இங்க" என்றாள் பாவாயி.

புதரைச் சுற்றிப் புதிதாகப் பாத்தி கட்டியிருந்தது. வரப்பில் விரல் பதிந்த தடம்கூட இருந்தது. பாத்திரம் கழுவுகிறவள் பாத்தி எதற்குக் கட்டுகிறாள் என்று குஞ்சம்மாள் கேட்கவில்லை. மாமியாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் பாவாயி சாகிற வரைக்கும் ஓட்டைக் காட்டி மிரட்டுவதை விடவில்லை. குஞ்சம்மாளும் அதற்குப் பயந்தவள் மாதிரியே வெட்டி வந்தாள்.

இப்போதும் மத்தியான நேரத்தில் அந்த மூலையில் உட்கார்ந்தால் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வரும். அந்த வீட்டில் நடந்த நல்லது பொல்லாது அத்தனை தண்ணீரும் அங்கேதான் போயிற்று. அவள் பிள்ளை பெற்று வந்து குளித்த தண்ணீர், அபிநயாவைக் காலில் போட்டு ஊற்றிய தண்ணீர், மகள் பெரியவளானபோது ஊற்றிய மஞ்சள் தண்ணீர், கடைசியில் பாவாயியைக் குளிப்பாட்டிய தண்ணீர். எல்லாவற்றையும் அது குடித்தது. வயசான காலத்தில் திட்டுவதற்குக்கூட மாமியார் இல்லையே என்று குஞ்சம்மாளுக்கு ஏக்கமாக இருக்கும். அந்த நாள்களில் அழுதது நிஜம்தான். ஆனாலும் யாராவது அந்த நாள்களைத் திருப்பிக் கொடுத்தால் அவள் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள்.

போன வருஷம் ஆடியில் வந்த குழந்தைவேல் ரிக் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்தார். அதே வருஷம் அபிநயாவுக்கு அயோத்தியாப்பட்டணத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தையில் கல்யாணம். சோறு போடுவது மண்டபத்தில் என்றாலும் கால் நடுவது இந்தத் தடவை பெண் வீட்டு வாசலில்தான் என்று பேசி முடித்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு வாசல் குறையெல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டது.

மார்கழியில் ஒரு நாள் குஞ்சம்மாளும் அபிநயாவும் சேலம் போனார்கள். செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக்கும் துணிக்கும் அலைந்து, கூட்டத்தில் இடிபட்டு, மூட்டையும் பையுமாகச் சாயங்காலம் வந்து இறங்கினால் வாசலில் பேவர் பிளாக் கல் மலையாகக் குவிந்திருந்தது. மேஸ்திரி வேல்முருகனும் இரண்டு ஆள்களும் கடப்பாரையோடு புதரைச் சுற்றி நின்றார்கள். புதர் முழுக்கப் பூ. தேனீ மொய்த்துக்கொண்டிருந்ததால் யாரும் கை வைக்காமல் நின்றார்கள். கந்தவேலும் வந்திருந்தார்.

"அம்மா, ஐயா இத எடுக்கச் சொன்னாருங்க. பொகை போட்டுட்டுத்தான் கை வெக்கோணும்" என்றார் வேல்முருகன்.

குஞ்சம்மாளுக்கு மூட்டை கையிலிருந்து நழுவியது.

"கல்லு போட்டா வேரு தூக்கிருமாமா" என்று குழந்தைவேல் வழக்கம்போலக் கத்தினார். "சம்பந்தி ஊட்டுக் காருக திரும்பறதுக்கு எடம் வேணுமல்ல?"

"ஆமாங்க அண்ணி" என்று கந்தவேல் சேர்ந்துகொண்டார். "இந்தத் தடவ கரட்டுல ஏறி நானே அசல் பாலையப் பாத்து வெச்சுட்டேன். நகத்துல கீறுனாலே பால் வடியுது. புது காலு வெக்கற எடத்துல இந்த ராசியில்லாதது எதுக்குங்க?" அவர் கஷ்டம் அவருக்கு. அந்தப் புதர் போனால் பால்காரர் என்ற பேரும் போய்விடும் என்று நம்பினார்.

"வேண்டாங்க" என்றாள் குஞ்சம்மாள்.

"என்ன?" என்றார் குழந்தைவேல், காதில் கையை வைத்துக்கொண்டு.

"வேண்டாங்கறனுங்க."

"கேக்கலை. என்னன்னு சத்தமாச் சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த வீட்டில் குரல் உயர்த்தியதில்லை. எதை வேண்டும் என்று கேட்டதும் இல்லை, வேண்டாம் என்று மறுத்ததும் இல்லை. இப்போது மெதுவாகச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பெண் நிற்கிறாள், கொழுந்தன் நிற்கிறார், முன்பின் தெரியாத ஆள்கள் கடப்பாரையோடு நிற்கிறார்கள்.  கத்தினாள்.

"இது நம்ம கண்ணாலக் காலுங்க! அஞ்சாம் நாளுக்கு முன்னாலயே நீங்க ரிக்குக்குப் போயிட்டீங்க. தண்ணி ஊத்தலை, புடுங்கலை. காலு புடுங்குனாத்தானுங்க கண்ணாலம் முடியும்? நம்முளுது இன்னும் முடியலைங்க! இன்னைக்கு முடிச்சுப்போடலாம்னு இருந்தா, புடுங்கச் சொல்லுங்க!"

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அபிநயா வாயைப் பொத்திக்கொண்டாள். கந்தவேல் கல்லை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார்.

குழந்தைவேலுக்கு இந்தத் தடவை எல்லாம் கேட்டது.  பிறகு புதருக்குப் பக்கத்தில் போய், ஒரு கொம்பை வளைத்து, மஞ்சள் பூவைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தேனீ கை மேலே ஊர்ந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"இது பூக்குமா?" என்று கேட்டார்.

"வருசா வருசம் பூக்குதுங்க. நீங்க வரப்ப வெட்டியிருப்பேன். நீங்கதான் பாத்ததில்லை."

எந்த ஊர் நிலத்தில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் கிடக்கும் என்று மண்ணை நுகர்ந்தே சொல்கிறவர் என்று அவருக்குப் பேர். சொந்த வாசலில் பூத்ததைப் பார்க்க அவருக்கு இத்தனை காலம் பிடித்தது. அவர் மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"சாமி, இத உட்டுட்டுச் சுத்திக் கல்லப் போடு. நல்லா அகலமா வட்டம் உடு. தண்ணி போற வழிய அடைச்சறாத."

"காரு திரும்பாதுங்களே?"

"காரு ரோட்டுல நிக்கட்டும்."

தையில் கல்யாணம் நடந்தது. வட்டத்துக்கு இந்தப் பக்கம் நாலு கல்லை எடுத்துவிட்டு அபிநயாவுக்குக் கால் நட்டார்கள். கரட்டுப் பாலை. வெட்டுவாயில் கட்டியாகப் பால் நின்றது. கந்தவேல் அதை விரலில் தொட்டு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். "பாலு நல்லா இருக்குதுங்க பால்காரரே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் பேர் மாறவில்லை.

ஐந்தாம் நாள் அபிநயாவும் மாப்பிள்ளையும் சேர்ந்து தண்ணீர் ஊற்றினார்கள். கால் சிரமமில்லாமல் வந்தது. இலையெல்லாம் சுருண்டு காய்ந்திருந்தது. வாய்க்காலில் விட்டதும் ஒரு சுழி சுழித்து மதகுப் பக்கம் போய்விட்டது. பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். ரோட்டில் நின்ற கார் கண்ணுக்கு மறைகிற வரை குஞ்சம்மாள் வாசலில் நின்றாள்.  உள்ளே போனால் வீடு வெறிச்சென்று இருக்கும் என்று தெரிந்ததால் அங்கேயே நின்றாள்.

"குஞ்சு, இங்க வா" என்று குரல் கேட்டது.

குழந்தைவேல் சொம்பில் தண்ணீரோடு புதருக்குப் பக்கத்தில் நின்றார். பூ ஓய்ந்து இலை அடர்ந்துகொண்டிருந்தது. அவள் வந்ததும் அவள் கையைப் பிடித்துச் சொம்பின் அடியில் வைத்துக்கொண்டார்.  இரண்டு பேரும் சேர்ந்து ஊற்றினார்கள்.

பந்தல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த கந்தவேல் அதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணா! தண்ணி ஊத்துனா அடுத்தது புடுங்கோணுமே!" என்று அங்கிருந்தே கத்தினார்.

"என்னடா சொல்ற? எனக்குக் காது கேக்கலை" என்றார் குழந்தைவேல்.

கந்தவேல் இன்னும் சத்தமாகக் கத்தினார். குழந்தைவேலுக்கு அதுவும் கேட்கவில்லை. தொட்டிக்குப் போய் இன்னொரு சொம்பு மொண்டுகொண்டு வந்தார்.